சரளையில் தேய்ந்த முழங்கால்கள்

இன்ஸ்பெக்டர் பண்டார கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தான். சீருடைக் களிசானின் இரண்டு கால்களையும் முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு, மேசையைச் சுற்றி என் முன்னால் வந்து நின்றான்.

"பாரு. நல்லாப் பாரு. பத்து வருஷம் நானும் றகர் விளையாடினவன். என் முழங்கால்ல என்ன இருக்கு?"

ஒன்றும் இல்லை. கொஞ்சம் முடி, ஒரு கொசுக்கடி. மற்றப்படி குழந்தைப்பிள்ளையின் முழங்கால் மாதிரி வழுவழுவென்று இருந்தது.

"இப்ப உன் மல்லியோட முழங்கால யோசிச்சுப் பாரு. முழங்கை, வலது தோள், எல்லாத்தையும் யோசிச்சுப் பாரு. அது றகர் விளையாடின உடம்பா? காட்டுக்குள்ள தவழ்ந்து பயிற்சி எடுத்த உடம்பு."

பேச்சு நடந்தது சிங்களத்தில். மல்லி என்றால் தம்பி, றகர் என்றால் ரக்பி ஆட்டம். என் தம்பி ராயப்பு அந்த நேரம் அதே பொலிஸ் நிலையத்தின் பின்கட்டில், இன்னும் ஒன்பது பேரோடு, இரண்டு நாளாகச் சீமெந்துத் தரையில் உட்கார்ந்திருந்தான். அன்று ஞாயிறு மத்தியானம். திங்கள் காலையில் லொறி வரும் என்று வாசலில் நின்ற கான்ஸ்டபிள் சொல்லியிருந்தார். லொறியில் ஏற்றினால் தெற்கே எங்கேயோ ஒரு முகாம். அங்கே போனவர்கள் எப்போது வருவார்கள் என்று கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லை.

ஆக, என் தம்பி வீட்டுக்கு வருவதும் லொறியில் போவதும் ஒரு பொலிஸ்காரனின் வழுவழுப்பான முழங்காலில் வந்து நின்றது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்லி அழ?

அரசியல் வேண்டாமாம்

கதையை இங்கே நிறுத்திவிட்டு ஒரு கடிதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு வத்தேகமவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "ஐயா, தங்கள் விளையாட்டு அனுபவங்கள் சுவையாக உள்ளன. கலவரம், யுத்தம் ஆகியவற்றைத் தவிர்த்து விளையாட்டை மட்டும் எழுதினால் நன்று."

நன்றுதான் ஐயா. எனக்கும் அதே ஆசைதான் இருந்தது. நான் விளையாடிய காலத்தில் யாராவது அவற்றைத் தவிர்த்துத் தந்திருந்தால் நானும் தவிர்த்து எழுதுவேன். சனிக்கிழமை ஆட்டம் இருக்கும், வெள்ளிக்கிழமை ஊரடங்கு போடுவார்கள். மைதானத்துக்குப் போகும் வழியில் மூன்று இடத்தில் இறங்கி அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். வெள்ளையும் நீலமுமாக அணிச் சட்டை போட்டுக்கொண்டு நின்றால் மட்டும் என் பெயர் மாறிவிடுமா?

சரி, உங்களுக்காக இந்த வாரம் முழங்காலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தமிழன் றகர் விளையாடுவானா?

இந்தக் கேள்வியை என் வாழ்நாளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று கணக்கு இல்லை. சிங்களவர்கள் ஆச்சரியமாகக் கேட்பார்கள். யாழ்ப்பாணத்து வங்கி மனேஜர் ஒருவர் இரக்கமாகக் கேட்டார்: "தம்பி, நீர் ஏதும் படிச்சனீரோ, இல்லாட்டி உது மட்டும்தானோ?" என் அம்மாவுக்கு இரக்கமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. "மாடு மாதிரி முட்டிக்கிறதுக்காடா உன்னையப் பெரிய ஸ்கூலுக்கு அனுப்புனோம்?" என்பார்.

நாங்கள் கண்டி நகரத்து மஹய்யாவக்காரர்கள். அப்பா மாநகர சபையில் தண்ணீர்க் குழாய்ப் பகுதி. பங்குத்தந்தை பேசி வாங்கித் தந்த இடத்தால் கண்டியின் பெரிய பாடசாலை ஒன்றில் சேர்ந்தேன். அங்கேதான் முதன்முதலாகப் புல் முளைத்த மைதானத்தைக் கண்டேன். எங்கள் ஏரியாவில் விளையாட இருந்தது மண்மேட்டுக்குப் பின்னால் ஒரு சரளைத் தரை. ரோட்டுக்குப் போட்டது போக மிஞ்சின கல்லையெல்லாம் அங்கேதான் கொட்டுவார்கள். அதில் விழுந்தால் கல் தோலுக்குள்ளேயே தங்கிவிடும். ஊசியால் கிண்டித்தான் எடுக்க வேண்டும்.

பாடசாலை முடிந்து கண்டியின் கழகம் ஒன்றில் ஹூக்கராக ஆடினேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: இரண்டு அணியிலும் எட்டெட்டுப் பேர் குனிந்து தோளோடு தோள் முட்டித் தள்ளுவது ஸ்க்ரம். அதில் முன்வரிசையின் நடுவில் மாட்டிக்கொள்கிறவன்தான் ஹூக்கர். உள்ளே உருண்டு வரும் பந்தைக் காலால் பின்னுக்கு இழுப்பது அவன் வேலை. இரண்டு கையும் பக்கத்து ஆட்களின் தோளில் இருக்கும். எதிரணி ஹூக்கரின் தலை உன் காதோடு ஒட்டியிருக்கும். அவன் மத்தியானம் என்ன சாப்பிட்டான் என்பது கூட உனக்குத் தெரியும்.

என்னிடம் ஒரு கள்ள வேலை இருந்தது. குனிந்து முட்டும் நொடியில் எதிராளியின் காறையெலும்பில் தாடையை ஊன்றி ஒரு திருகு திருகுவேன். அவன் "அம்மே" என்று நெளிவதற்குள் பந்து எங்கள் பக்கம் வந்துவிடும். நடுவர்கள் ஒருவரும் என்னைப் பிடித்ததில்லை. பாவசங்கீர்த்தனத்தில் பங்குத்தந்தையிடம் மட்டும் இரண்டு முறை சொன்னேன். இரண்டாம் முறை அவர், "அது எப்படிடா செய்றது?" என்று கேட்டார்.

அந்தத் திருகலை அதிகம் வாங்கியவன் பண்டார. கொழும்பிலிருந்து வரும் சீருடைக்காரர் அணியொன்றின் ஹூக்கர் அவன். ஏழு வருடம் அவனுடைய வெள்ளைப்பூண்டு மூச்சைக் குடித்திருக்கிறேன். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் சட்டையை விலக்கிச் சிவந்த எலும்பைக் காட்டி, என் பரம்பரையையே திட்டிவிட்டுப் போவான்.

ஆடிக்குப் பிறகு

வத்தேகம வாசகர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரித்த எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் எங்கள் அணித் தலைவன் நிமால், கழகத்து வேனில் வந்து எங்கள் வீட்டார் ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு போய்த் தன் வீட்டுப் பின்னறையில் வைத்திருந்தான். நல்லவன். பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான். போகாமல் இருந்திருந்தால் இன்றைய கதை இவ்வளவு நீண்டிருக்காது.

எல்லாம் அடங்கி மூன்றாம் வாரம் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். போனேன். வீடு இருக்கிறதா, அம்மா சாப்பிட்டாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. "செபஸ்தியான், எடை குறைஞ்சிட்டியே," என்றார் பயிற்சியாளர். முட்டை சாப்பிடச் சொன்னார்.

அடுத்த மூன்று வருடமும் ஆடினேன். பிறகு தோள் மூட்டு கழன்று இறங்கியது. ஒருமுறை இறங்கின தோள் பிறகு தும்மினாலும் இறங்கும். கழகம் ஒரு கேடயத்தைத் தந்து அனுப்பிவைத்தது. ஆட்டத்துக்காகக் கொழும்புத் தேயிலைக் கம்பெனி ஒன்று கண்டியில் தந்திருந்த வேலை, ஆட்டம் நின்ற மாதமே ஹேவாஹெட்டப் பக்கத்துத் தொழிற்சாலைக் களஞ்சியத்துக்கு மாறியது. சனிக்கிழமை நாலு மணியானால் கால் தானாகத் துடிக்கும். எழுந்து போய்த் தேயிலைச் சாக்குகளை ஒவ்வொன்றாகத் தோளால் முட்டிப் பார்ப்பேன். கணக்கப்பிள்ளை ஒருநாள் பார்த்துவிட்டு, "தம்பிக்கு ஏதும் பேய் கீய் புடிச்சிருக்கா?" என்று தொழிற்சாலை முழுக்கக் கேட்டுத் திரிந்தார்.

என் மண்டையில் உதித்த யோசனை

நான் விட்டதை ராயப்பு பிடிக்க வேண்டும் என்று நினைத்தேன். அவனை விட நான்தான் அதிகம் நினைத்தேன். கழகத்தில் மூன்று தடவை கேட்டேன், பையனைப் பயிற்சிக்கு எடுங்கள் என்று. மூன்று தடவையும் "அடுத்த சீசன் பார்ப்போம்" என்றார்கள். அதுவரைக்கும் நானே பழக்குகிறேன் என்று ஞாயிறுதோறும் ஹேவாஹெட்டயிலிருந்து பஸ் ஏறி வந்து, அந்தச் சரளைத் தரையில் அவனை உருட்டி எடுத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கென்று ஒரு தத்துவம் இருந்தது. சரளையில் விழப் பழகினவனுக்குப் புல் பஞ்சுமெத்தை. அதனால் முழங்காலுக்குத் துணி கட்டக் கூடாது, காயத்துக்கு மருந்து போடக் கூடாது, பொருக்கின் மேலேயே மறுபடி விழ வேண்டும், தோல் தடிக்க வேண்டும். அம்மா மஞ்சள் அரைத்து வைத்தால் நான் எடுத்து வெளியே வீசுவேன். தோள் பலப்பட வேண்டும் என்று வேப்பமரத்தில் கோணிச்சாக்கைக் கட்டி, வலது தோளால் நூறு முட்டு.

பத்தொன்பது வயதில் அவன் முழங்காலும் முழங்கையும் கருத்துக் காய்த்துப்போயின. வலது தோளில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு. நான் அதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

அந்தக் காலத்தில் தமிழ்ப் பையனின் முழங்காலில் தழும்பு இருந்தால் இயக்கத்தில் தவழ்ந்தவன், தோளில் கறுப்பு இருந்தால் துவக்கை ஊன்றிச் சுட்டவன் என்று பொலிசும் ராணுவமும் படித்து வைத்திருந்தார்கள். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் செய்தேன். நாம் றகர்க்காரர், நமக்கு வராது என்று ஒரு மிதப்பு.

கடிதம் தேடி

அந்த வெள்ளிக்கிழமை விடியலில் பொலிசார் மஹய்யாவவைச் சுற்றிவளைத்தார்கள். ஆண்களையெல்லாம் பொது மண்டப முற்றத்தில் வரிசையாக நிறுத்தி, சட்டையைக் கழற்றச் சொல்லி, காலைச் சுருட்டச் சொன்னார்கள். பத்துப் பேரைப் பிரித்தெடுத்தார்கள். செய்தி தொழிற்சாலைக் கந்தோர்த் தொலைபேசியில் வந்தது. அம்மா ஒரே ஒரு வரிதான் சொன்னார்: "நீ போட்ட காயத்துக்கு நீயே வந்து பதில் சொல்லுடா."

முதலில் பங்குத்தந்தையின் நற்சான்றுக் கடிதத்தோடு பொலிசுக்குப் போனேன். அங்கே இருந்த சார்ஜன்ட் படித்துவிட்டு, "முழங்கால் காயம் ஜெபம் பண்ணி வந்ததாமா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "றகர்னு சொல்றியே, கிளப் லெட்டர் கொண்டா," என்றார்.

அவ்வளவுதானே என்று சனிக்கிழமை கழகத்துக்கு ஓடினேன். ஆட்ட நாள். எல்லோரும் அங்கேதான். என்னைக் கண்டதும் "செபஸ்தியான்!" என்று கத்திக் கட்டிப்பிடித்தார்கள். ஒருவர் பியர் ஊற்றினார். இன்னொருவர் நான் பத்து வருடத்துக்கு முந்தி எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றிப் போட்ட ஒரு டிரையைக் கூட்டத்துக்கு நடித்துக் காட்டினார். நான் விஷயத்தைச் சொன்னதும் பியர் ஊற்றினவர் போத்தலை மூடினார்.

செயலாளர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். "உனக்காக என்ன வேணும்னாலும் செய்வோம். ஆனா உன் மல்லி எங்க அங்கத்தவர் இல்லையே."

"நீங்க சேர்க்கல சேர். மூணு தரம் கேட்டேன்."

"அதத்தான் சொல்றேன். சேராதவருக்குக் கடிதம் குடுக்கணும்னா கமிட்டி தீர்மானம் வேணும். கமிட்டி வாற மாசம் முதல் புதன் கூடும்."

"திங்கட்கிழமை லொறி வருது சேர்."

"நிலைமை எனக்கு விளங்குது," என்றார். அவர் மனுஷன் கெட்டவர் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியே கமிட்டி கூடட்டும் என்று உட்கார்ந்திருந்தது. பின்னால் யாரோ டிரை போட்டார்கள். அவர் கைதட்டிக்கொண்டே திரும்பி ஓடினார்.

மறுபடியும் முழங்கால்

ஞாயிறு வெறுங்கையோடு போனபோதுதான் பொறுப்பதிகாரி யார் என்று தெரிந்தது. பண்டார என்னைக் கண்டதும் சிரித்தான். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அடுத்த நொடியே சிரிப்பை எடுத்து உள்ளே வைத்தான்.

"உன்னை எனக்குத் தெரியும். உன் மல்லியை எனக்குத் தெரியாது."

அதன் பிறகுதான் அவன் களிசானைச் சுருட்டியது. எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்று நாள் கோபம். குனிந்து என் களிசானையும் சுருட்டினேன்.

கண்டி நகரத்துப் பொலிஸ் நிலையம் ஒன்றில் ஒரு இன்ஸ்பெக்டரும் ஒரு களஞ்சிய எழுத்தரும் களிசானை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு எதிரும் புதிருமாக நின்றோம். தேத்தண்ணீர் கொண்டுவந்த கான்ஸ்டபிள் அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

என் முழங்காலைப் பண்டார குனிந்து பார்த்தான். ராயப்புவுடையதே தான், இன்னும் கொஞ்சம் பழசு.

"இது எங்கே பட்டது?"

"எங்க ஏரியாவுல. சரளைக்கல்லு. புல்லு எனக்குப் பாடசாலையில கிடைச்சுது, பிறகு கிளப்புல கிடைச்சுது. அவனுக்கு எங்கேயும் கிடைக்கல. இது பயிற்சி எடுத்த காலுன்னா என்னையும் லொறியில ஏத்துங்க."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. ஏற்றியும் விடுவானே!

பண்டார நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். பிறகு களிசானை இறக்கிவிட்டு, "அவனை முற்றத்துக்குக் கொண்டு வா," என்று கத்தினான்.

ராயப்புவைக் கொண்டுவந்தார்கள். உதடு வீங்கியிருந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினான். என்னைப் பார்த்தான்.

"என்ன இடம் விளையாடுறே?"

"ஹூக்கர் சேர்."

பண்டார பெல்ட்டைக் கழற்றி ஜீப்பின் மேலே வைத்தான். தொப்பியையும் வைத்தான். ஒரு கான்ஸ்டபிளின் மழைக்கோட்டைச் சுருட்டித் தரையில் போட்டான். "இது பந்து. நீயும் நானும். எடு பார்ப்போம்."

இரண்டு பேரும் குனிந்தார்கள். ஹூக்கருக்கு ஹூக்கர், பின்னால் தள்ள யாரும் இல்லை. ராயப்பு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாதவன். முதுகை நேராக்கு, தலையை இடப்பக்கம் வை என்று மனதுக்குள் கத்தினேன். நேராக்கினான். தலையையும் சரியாக வைத்தான். முட்டினார்கள்.

அப்போதுதான் அவன் தாடை மெல்ல நகர்வதைக் கண்டேன்.

ஐயோ, மாதாவே! வேண்டாம்டா! அது பொலிஸ்காரனின் காறையெலும்பு! யாரிடம் செய்கிறாய் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக நான் சொல்லிக் கொடுத்தது அவன் உடம்பில் ஏறியிருந்தது. அதை இனி நான் எப்படி இறக்க?

திருகினான்.

"அம்மே!" என்று பண்டார நெளிந்தான். மழைக்கோட்டு ராயப்புவின் காலுக்குப் பின்னால் போய்க் கிடந்தது. சுற்றி நின்ற கான்ஸ்டபிள்மார் துவக்கைத் தூக்கினார்கள்.

பண்டார நிமிர்ந்தான். சட்டைப் பொத்தானைக் கழற்றி எலும்பைத் தடவினான். ராயப்புவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். ஏழு வருடம் திட்டின அதே திட்டை, என் பரம்பரையிலிருந்து தொடங்கி, ஒரு சொல் விடாமல் திட்டினான். திட்டி முடித்துவிட்டுச் சொன்னான்:

"இவன் உன் மல்லிதான். கூட்டிட்டுப் போ."

மற்ற ஒன்பது பேர்

இறக்கத்தில் நடந்து வரும்போது ராயப்பு கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, தல சரியா வச்சிருந்தேனா?" எனக்கு அழுகை வந்துவிட்டது. "சரியாத்தான்டா வச்சிருந்த," என்றேன்.

கொஞ்ச தூரம் போன பிறகு அவன் இன்னொன்றும் சொன்னான். "உள்ள ஒரு மேசன் இருக்காருண்ணே. தரைக்குச் சீமெந்து பூசுறவரு. முட்டி போட்டுத்தான் வேலையே. அவருக்கு என்ன விளையாட்டுன்னு சொல்றது?"

திங்கட்கிழமை லொறி வந்தது. மற்ற ஒன்பது பேரும் றகர் விளையாடாதவர்கள். சிலர் பல மாதம் கழித்து வந்தார்கள். அந்த மேசன் வரவில்லை.

ராயப்புவுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. சனிக்கிழமைதோறும் பின்னேரம் நாலு மணிக்கு நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஊரில் எல்லா ஆட்டமும் தொடங்குவது அதே சனிக்கிழமை நாலு மணிக்குத்தான். வேறு நாள் தர முடியாதா என்று பண்டாரவிடம் கேட்டேன். "புத்தகம் சனிக்கிழமைதான் திறக்கும், நான் என்ன செய்ய?" என்றான். பிறகு அவன் கிழக்குக்கு மாற்றலாகிப் போனான். மாறிப் போன அதே வருடத்தில் அங்கே செத்துப் போனதாகப் பேப்பரில் பார்த்தேன். அன்று நான் சாப்பிடவில்லை.

கையெழுத்துப் புத்தகம் ராயப்புவை விட்டபோது அவனுக்கு விளையாட்டு ஆசையும் விட்டுப்போயிருந்தது. கனடாவுக்குப் போனான். இப்போது அங்கே பஸ் ஓட்டுகிறான்.

ஆ, கழகத்தின் கடிதத்தை மறந்துவிட்டேன். அது வந்தது. கமிட்டி கூடி, தீர்மானம் நிறைவேறி, நல்ல தடித்த தாளில் வந்தது. நான் மதிப்புக்குரிய முன்னாள் வீரன் என்று உறுதிப்படுத்தியிருந்தார்கள். என் தம்பியைப் பற்றித் தங்களுக்கு எதுவும் தெரியாது என்றும் உறுதிப்படுத்தியிருந்தார்கள். அலுமாரியில் இன்னும் இருக்கிறது. எரிச்சல் குறைந்து போகும் நாட்களில் எடுத்துப் படிப்பேன்.

போன மாதம் அதே கழகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. ஆண்டுவிழா மலராம். பழைய வீரர்களும், அவர்களின் குடும்பத்தில் விளையாடியவர்களும் என்று ஒரு பகுதி. பெயர், இடம், ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை. என் பெயரை எழுதினேன். அதன் கீழே எழுதினேன்: ராயப்பு, ஹூக்கர், ஒன்று.

இரண்டு நாளில் தொலைபேசி வந்தது. புதுச் செயலாளர், சின்ன வயது, மரியாதையான பிள்ளை.

"அங்கிள், உங்க தம்பி ஒரே ஒரு மேட்ச்னு போட்டிருக்கீங்க. எங்க பதிவேட்டுல அப்படி ஒண்ணு இல்லையே. யாருக்கு எதிரா?"

"பொலிசுக்கு எதிரா."

"ஸ்கோர் என்ன அங்கிள்?"

"வீட்டுக்கு வந்துட்டான்னு போடுங்க மகன்," என்றேன்.